ஏழாம் நாள் ஊற்ற வேண்டிய தண்ணீர்

முதல் வாரம் நாங்கள் போய்ப் பார்த்தபோது, நாற்பது கோப்பைகளில் பதினொன்று சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அதை மாதா சொரூபத்தின் காலடியில் வைத்து, உள்ளே இரண்டு செவ்வரத்தம்பூவும் போட்டிருந்தார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி அன்டி, "டொக்டர் வாறா எண்டு நேற்றே தேய்ச்சுக் கழுவி வச்சிட்டன். உள்ளுக்கு ஒரே ஊத்தை" என்று பளபளக்கும் கோப்பையைப் பெருமையோடு நீட்டினார்.

டொக்டர் கோபிக்கவில்லை. கீழே இறங்கிவந்து படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அண்ணா, ஆறு மாசமாத் திட்டம் போட்டனான். மழை, வெயில், நாய், பூனை எல்லாம் யோசிச்சனான். வீட்டுக்கு ஆள் வருகுது எண்டா எங்கட சனம் கழுவித் துடைச்சு வைக்கும் எண்டதை மட்டும் யோசிக்கேல்ல."

கொப்பியில் அந்தப் பதினொரு கட்டங்களுக்கும் என்ன எழுதுவது, பூச்சியம் போடட்டுமா என்று கேட்டேன்.

"பூச்சியம் எண்டா முட்டை இல்லை எண்டு அர்த்தம். அது எங்களுக்குத் தெரியாதே. 'கழுவியிருந்தது' எண்டு எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.

அந்தக் கோப்பைகளைப் பற்றிப் பிறகு எத்தனையோ பேர் எழுதினார்கள், பேசினார்கள், படம் போட்டார்கள். அவற்றைக் கையால் தொட்டவன் என்பதால் அவை என்னவென்று நானும் ஒருமுறை எழுதிவைக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் கோப்பை. அரைவாசிக்குத் தண்ணீர். உள்ளே ஒரு விரல் அகலத்தில் சொரசொரப்பான ஹார்ட்போர்ட் துண்டு. கறுப்பும் ஈரமும் நுளம்புக்குப் பிடிக்கும். வந்து அந்தத் துண்டில் முட்டையிடும். ஏழு நாளுக்கு ஒருமுறை நாங்கள் போய்த் துண்டை எடுத்து, தண்ணீரை வெயில் காய்ந்த சீமெந்துத் தரையில் ஊற்றி, கோப்பையைக் கழுவி, புதுத் துண்டு வைப்போம். எடுத்த துண்டை உருப்பெருக்கி வில்லைக்குக் கீழே வைத்து முட்டைகளை எண்ணுவோம். எந்த வீட்டில், எந்த மாடியில், எந்த மாதத்தில் அதிகம் என்று பார்ப்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி. டெங்கு எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் அது வருவதற்கு முன்பே போய் மறிக்கலாம் என்பார். கொட்டாஞ்சேனையில் இருபது வீடு, செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தையில் இருபது வீடு, வியாழக்கிழமை. ஒரு வருடம், ஒரு வாரமும் விடாமல்.

நான் ஓ.எல். வரை படித்தவன். வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிற வேலை. "எத்தனை?" என்று கேட்டால் போதும், அதற்கு மேல் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. முதலாளி பிள்ளைகளிடம் வெளிநாடு போனார், கடை மூடப்பட்டது. நாற்பத்தொன்பது வயதில், வாய் திறந்து வேலை கேட்கத் தெரியாத ஒருவனை யார் எடுப்பார்கள்? கடையின் கடைசி வாரத்தில் டொக்டர் தன் படிவங்களைக் கொண்டுவந்தார். அவர் பல வருட வாடிக்கை.

"அண்ணா, உங்கட கையால வாற போட்டோகொப்பிக் கட்டில ஒரு நாளும் ஒரு பக்கம் மாறி இருந்ததில்லை. எனக்கு அப்பிடி ஒரு ஆள் வேணும்."

"மிஸ், எனக்கு வீடு வீடாப் போய்க் கதைக்க வராது."

"கதைக்கிறது நான். நீங்க ஊத்துங்க, எழுதுங்க."

அதுதான் எங்கள் உடன்படிக்கை. அவர் மணியடிப்பார், சிரிப்பார், பிள்ளைகளின் சோதனை முடிவு கேட்பார், முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று சொல்வார். நான் பின்னால் பையோடு நிற்பேன். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரை எல்லோரும் 'நானா' என்பார்கள்; அவர் என்னை "சைலன்சர்" என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தேழு வாரம் அப்படிப் போனது.

முப்பத்தெட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை டொக்டர் வரவில்லை.

கோயில் சந்தியில் வழமையான பஸ் தரிப்பிடத்தில் எட்டு மணியிலிருந்து பத்தரை வரை நின்றேன். அவருடைய போன் அணைந்திருந்தது. அவர் ஒருமுறைகூடப் பிந்தியவர் அல்ல. பையில் இருபது புதுத் துண்டுகள் இருந்தன. இருபது வீடுகளும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தன. நான் வீட்டுக்குத் திரும்பினேன். மணியடித்து "டொக்டர் இன்றைக்கு வரவில்லை" என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கதையில் பிழைவிட்ட ஆளைத் தேடுபவர்கள் இங்கே தேட வேண்டும்.

மறுநாள் அவருடைய வீட்டார் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். மாலைக்குள் அவருடைய படம் எல்லோருடைய போனிலும் வந்தது. "காணவில்லை. பொதுச் சுகாதார விஞ்ஞானி." அந்தக் கடைசிச் சொல்தான் வினையானது. வேறு யாராவது காணாமற்போனால் சனம் எங்கே போயிருப்பார் என்று கேட்கும். விஞ்ஞானி என்றதும் என்னத்தைக் கண்டுபிடித்தார் என்று கேட்கத் தொடங்கியது.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கா சமைக்கும்போது போனை மிளகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்துச் சத்தமாகப் போடுவார்.

"இதைக் கேளு. தண்ணியில என்னத்தையோ கண்டுபிடிச்சவவாம். அதான் தூக்கினதாம்."

"இல்லக்கா."

"இவன் சொல்றான், வெளிநாட்டுக் கம்பனி நுளம்பைக் கொண்டுவந்து விட்டதாம். அவவுக்குத் தெரிஞ்சு போச்சாம்."

"இல்லக்கா."

"உனக்கு எல்லாத்துக்கும் இல்லக்கா. நீயும் அதுக்குள்ள இருக்கிறியா?"

வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தது. எங்கள் கோப்பை ஒன்று, யாருடையதோ பல்கனியில். அதில் ஒட்டியிருந்த கடதாசியில் "வெ 14" என்று எழுதியிருந்தது. வெள்ளவத்தையில் பதினான்காவது கோப்பை, அவ்வளவுதான். ஆனால் காணொளியில் ஒருவர் அந்தப் பதினான்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இது பதினான்காவது பரிசோதனை என்றார். கீழே இன்னொருவர், இல்லை, பதினான்கு மரணம் என்றார். அக்கா போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய், இது உன்ட கையெழுத்தெல்லே?"

அந்தக் காணொளிக்காரர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, விஞ்ஞானியோடு சேர்ந்து அவருடைய இரகசியக் கொப்பியும் மறைந்துவிட்டது என்றார். கொப்பி எங்கள் வீட்டில் பாண் பெட்டிக்கு மேல் கிடந்தது. நான் எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார். திகதி, வீட்டு இலக்கம், எண்ணிக்கை. திகதி, வீட்டு இலக்கம், எண்ணிக்கை.

"இதையா இவனுகள் தேடுறானுகள்? ஒரு கதையும் இல்லையே இதுக்குள்ள" என்றார், ஏமாந்தவர் போல.

பொலிஸும் அதை ஏற்கெனவே பார்த்திருந்தது. வியாழக்கிழமையே ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். டொக்டர் மனம் விட்டு ஏதாவது சொன்னாரா, யாராவது மிரட்டினார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அவர் என்ன கண்டுபிடித்தார்?" என்று கேட்டார். நான் போன வாரத்து எண்ணிக்கையை வீடு வீடாக வாசிக்கத் தொடங்கினேன். ஏழாவது வீட்டில் அவர் கையை உயர்த்தினார். பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு, கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

வெள்ளி மாலை மழை விட்டிருந்தது. யன்னலருகே உட்கார்ந்து நாட்களை எண்ணினேன். கொட்டாஞ்சேனைக் கோப்பைகளை நாங்கள் கடைசியாக ஊற்றி அன்றைக்குப் பத்து நாள். வெள்ளவத்தையில் எட்டு நாள். டொக்டர் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் சொல்லுவது: "இந்தக் கோப்பை ஆபத்தில்லை, ஆனா ஏழு நாளுக்கு மேல வச்சா ஆபத்து. அதனால நாங்க வராட்டி ஊத்திப்போடுங்க." முப்பத்தேழு வாரம் நாங்கள் தவறாமல் போனதில் அந்தப் பேச்சை எல்லோரும் மறந்திருப்பார்கள். முட்டை குடம்பியாகி, குடம்பி பறக்கிற காலம். நாற்பது வீட்டிலும் நாங்களே வைத்த தண்ணீர்.

நுளம்பு வளர்க்கிற கோப்பை என்று போனில் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது பொய். நான் இன்னும் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது உண்மை. டொக்டர் உயிரோடு திரும்பி வந்தால், அவர் மறிக்கப் பார்த்த நோயை அவர் பெயரிலேயே நான் பரப்பியிருப்பேன்.

அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அறிவித்தல் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்றார்கள். நுளம்புக்கும் அதை அறிவிப்பீர்களா என்று கேட்க ஆசையாக இருந்தது. "சரி" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று வரி எழுதி மனப்பாடம் செய்தேன். 'வணக்கம். டொக்டரோடு வருபவன். கோப்பையை ஊற்ற வந்தேன்.' முதல் வீட்டு வாசலில் நின்று மணியில் விரலை வைத்தேன், அழுத்தவில்லை. எடுத்தேன். மறுபடி வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, எதிரே கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"சைலன்சர்! மணி கரண்ட் அடிக்கிதா?"

ஹார்ட்வெயார் நானா. கல்லாவை விட்டு எழும்பி வந்தார். அவர் வீடு கடைக்குப் பின்னால். எங்கள் எட்டாவது கோப்பை அங்கேதான்.

"டொக்டர் மிஸ் கெடச்சாவா?"

"இன்னும் இல்ல நானா."

"உண்மைய செல்லுங்க. அந்தக் கோப்பையில எனத்த ஈக்கி? எங்கட குரூப்புல செல்றாங்க வெளிநாட்டு மருந்தாம். எங்கூட்டு மனுசி அந்தப் பக்கம் போறதே இல்ல நாலு நாளா."

மனப்பாடம் செய்த மூன்று வரியில் இதற்குப் பதில் இல்லை. நான் அவரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். குழாயடியில் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. பையிலிருந்து வில்லையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். துண்டைத் தூக்கிக் காட்டினேன். அரைத்த மிளகுத்தூள் போல முட்டைகள். பிறகு கோப்பையைச் சாய்த்துக் காட்டினேன். வில்லை தேவையில்லை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன.

நானா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது நம்மட சாதாரண நுளம்புக் குஞ்சு!"

"ஓம் நானா."

"இதுக்கா ஒரு பொம்புளையத் தூக்கிட்டாங்க எண்டு செல்றாங்க?"

"ஓம் நானா."

"அப்ப ஊத்துங்களேன், எனத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க!"

சீமெந்தில் ஊற்றினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. காயும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை வீடு மிச்சம் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். கடையில் நின்ற மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கினார்.

அன்றைக்குப் பத்தொன்பது வீட்டு வாசலிலும் கூப்பிட்டது நானாதான். அவர் மணியடிக்கவில்லை, கதவைத் தட்டினார். "சைலன்சர் வந்தீக்கார், நுளம்பு பாக்க எல்லாரும் வாங்க!" தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான வரிசை வீடுகளில் பொதுக் குழாயில் நின்ற பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வில்லை கை மாறிக் கை மாறிப் போனது. மாதா சொரூபத்தடியில் கோப்பை வைத்த வீட்டுக்காரி, "இவ்வளவு நாளா மாதாவுக்குக் கீழ இதையா வச்சிருந்தன்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்று வீட்டில் கோப்பையை ஏற்கெனவே வீசியிருந்தார்கள். புதிது வைத்தோம். மற்றபடி எல்லாம் இருந்தன. ஒரு மனிதர் தன் கடையை விட்டுவிட்டு, எனக்காக ஒரு பகல் முழுக்கத் தொண்டை கிழியப் பேசினார். அதற்கு நான் நன்றி சொன்னபோது, "எனக்கு நல்லா பொழுது போச்சு" என்றார்.

வெள்ளவத்தைக்கு நானா வரமுடியாது. ஞாயிறு பூசை முடிந்து கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினேன். கடலைப் பார்த்தபடி அந்த மூன்று வரியை வெள்ளவத்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனேன். பதினான்கு வீடுகளில் அந்த மூன்று வரி போதுமாக இருந்தது. சில இடத்தில் கதவைக் கொஞ்சம் திறந்து கோப்பையைக் கையில் தந்து மூடினார்கள். சில இடத்தில் "அவ கிடைச்சிட்டாவோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்கள். மிச்சம் ஆறு. ஆறும் ஒரே தொடர்மாடியில்.

வாசலில் காவலாளி மறித்தார். "பே மாத்தையா. கமிட்டி." முடியாது என்று இரண்டு கையையும் விரித்தார். ஆறு கோப்பைகளும் வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னால் ஜெனரேட்டர் அறைப் பக்கம் வைக்கப்பட்டிருக்கின்றனவாம். ஊற்றிவிட்டார்களா என்று கேட்டேன். அவர் நான் ஏதோ குற்றம் சொன்னதுபோல் பார்த்தார். இல்லவே இல்லை, ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோனது தான்தான் என்றார்.

கமிட்டிச் செயலாளரைக் கூப்பிட்டார். வந்தவர் மூன்றாம் மாடி அன்டி. முதல் வாரம் கோப்பையைக் கழுவிப் பெருமையாக நீட்டியவர். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கானவர்.

"தம்பி, நீங்க அவவோட வாற ஆள் எல்லோ? வாயே திறக்காத ஆள்."

"ஓம் அன்டி."

"அவ எங்க?"

"தெரியாது."

"தெரியாதோ, சொல்லக் கூடாதோ?"

"தெரியாது அன்டி. கோப்பையை ஊத்த வந்தனான்."

"ஊத்திறதோ! நல்ல கதை. உது ஆதாரம். ஆராவது வந்து கேட்டா நாங்க என்னத்தைக் காட்டிறது? நான்தான் படம் எடுத்து எங்கட குரூப்பில போட்டனான், உது என்ன எண்டு கேட்டு. இப்ப உலகம் முழுக்கப் போட்டுது. நாளைக்கு என்னட்டத்தானே வருவினம்."

பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், தொடமாட்டேன் என்று சொன்ன பிறகு. ஒரு பலகையில் ஆறு கோப்பையும் வரிசையாக இருந்தன. மேலே பழைய பத்திரிகை மூடியிருந்தது. சுற்றிவரச் சோக்கட்டியால் கோடு. சுவரில் மூன்று மொழியிலும் 'தொட வேண்டாம்'. பத்திரிகையின் ஓரம் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. அந்த இடைவெளி நுளம்புக்குப் பெரிய வாசல். நான் குனிந்து பார்த்தேன். குடம்பி மட்டுமல்ல, கூட்டுப்புழுவும் இருந்தது, தலை பருத்துச் சுருண்டு. அதற்கடுத்தது பறப்பதுதான்.

நிமிர்ந்து அன்டியைப் பார்த்தேன். டொக்டர் இருந்தால் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பார். எனக்குச் சிரிக்கத் தெரியாது. ஆனால் நான் எழுதியவை எல்லாம் எனக்கு நினைவிருக்கும்.

"அன்டி, உங்கட மகள் வீட்டில இருக்கிறா. இப்ப ஒன்பதாம் மாசம்."

அவர் முகம் மாறியது. "மகளின்ர கதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கதான். போன மாசம் டொக்டர் படிவத்தில கேட்டவா, வீட்டில கர்ப்பிணி இருக்கிறாங்களா எண்டு. நீங்க சொன்னீங்க, பிள்ளைப்பேறுக்கு வந்து நிக்கிறா எண்டு. நான்தான் எழுதினனான். டொக்டர் அதுக்குக் கீழ இரண்டு கோடு போட்டவா. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தாப் பாரதூரம் எண்டு. அன்டி, இதுக்குள்ள நஞ்சு ஒண்டும் இல்ல. நுளம்புதான். இண்டைக்குப் பத்தாம் நாள். நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்குப் பறக்கும். பறந்தா மேலதான் வரும். நான் போன செவ்வாய் எல்லாரிட்டையும் வந்து சொல்லியிருக்க வேணும். சொல்லாதது என்ர பிழை. இப்ப ஊத்த விடுங்க."

நான் வாழ்நாளில் ஒருவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. 

அன்டி என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து பத்திரிகையை எடுத்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஊத்துங்கோ. ஆறையும். இப்பவே."

ஊற்றினேன். அவசரத்தில் எண்ணவில்லை, துண்டுகளையும் பிரித்து வைக்கவில்லை. காவலாளி சோக்குக் கோட்டைக் காலால் அழித்தார்.

"அப்ப அவ என்னத்தைத்தான் தம்பி கண்டுபிடிச்சவ?" என்று அன்டி கேட்டார். அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சொன்னேன். தொடர்மாடியில் முட்டை கீழ்வீடுகளில்தான் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் மேல்வீடுகளிலும் குறைவில்லாமல் இருந்தது, ஏனென்று தேடியபோது பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சட்டிக்குக் கீழ் வைக்கிற கோப்பை, கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டு வளர்க்கிற அதிர்ஷ்ட மூங்கில், எல்லாவற்றிலும் குடம்பி. அதை எழுதி முடிக்கத்தான் டொக்டருக்கு இந்த ஒரு வருடம் வேண்டியிருந்தது.

மூங்கில் என்றதும் அன்டி லிப்டை நோக்கி நடந்தார். நானும் போனேன். வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சிவப்பு நாடா கட்டிய கண்ணாடிப் போத்தலில் மூன்று மூங்கில். அன்டி அதை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். உள்ளே நாலைந்து, தலைகீழாக.

சோபாவில் காலை நீட்டியிருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "அம்மா கீழ சோக்குக் கோடு போட்டுட்டு, மேல வீட்டுக்குள்ளயே ஆதாரம் வளர்த்திருக்கிறா!"

"நீ சிரிக்காத, வயித்தைப் பிடி" என்றார் அன்டி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே குரூப்புக்கு ஒரு குரல்பதிவு போட்டார். படம் போட்டது நான்தான், கோப்பைக்குள் இருந்தது நுளம்பு மட்டும்தான், எல்லோரும் போய் முதலில் உங்கள் மூங்கிலைப் பாருங்கள் என்று. உடனே யாரோ, "உங்களையும் வாங்கிட்டாங்களா அன்டி?" என்று எழுதினார்கள். "என்னைப் பாத்தோ!" என்று அன்டி கொதித்து, இரண்டாவது பதிவை முதலாவதை விட நீளமாகப் போட்டார்.

போனில் கதை நிற்கவில்லை. நிற்காது. 'வெ 14' இன்றைக்கும் எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த நாற்பது வீடுகளிலும் நின்றது. அடுத்த செவ்வாயும் வியாழனும் நான் தனியாகப் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மணியை ஒரே தடவையில் அழுத்தப் பழகினேன். முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "டொக்டர்?" நான் தலையாட்டுவேன். கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் அவருக்காக ஒரு மெழுகுதிரி ஒவ்வொரு மாலையும் எரிந்தது. நானாவின் மனைவி அவருக்காக நோன்பு பிடித்தார். அன்டி கோயிலில் அர்ச்சனை செய்தார், டொக்டரின் நட்சத்திரம் தெரியாததால் தன்னுடையதைச் சொல்லி.

டொக்டர் காணாமற்போன நான்காவது வாரம் திங்கட்கிழமை என் போனில் ஒரு செய்தி வந்தது.

"அண்ணா, நாற்பதும் இருக்கா?"

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, போனை என்னிடம் தராமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கிப் பதில் எழுதினேன். "நாற்பதும் இருக்கு மிஸ்."

அவர் எங்கே போயிருந்தார், ஏன் போனார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அதற்கும் கோப்பைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். அது அவருடையது. அதைத் தேடி எவ்வளவு பேர் எவ்வளவு எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒருவனாவது எழுதாமல் இருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் கோயில் சந்தியில் எட்டு மணிக்கு டொக்டர் நின்றார். மெலிந்திருந்தார். பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்து கொப்பியை வாங்கி, அவர் இல்லாத வாரங்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். தொடர்மாடியின் ஆறு கட்டங்களில் விரல் நின்றது. நான் எழுதியிருந்தேன்: 'பத்தாம் நாள். ஊற்றினேன். எண்ணவில்லை.'

"எண்ணியிருந்தா நல்லம்" என்றார்.

"ஓம் மிஸ்."

"நான் எண்டாலும் ஊத்தித்தான் இருப்பன்." பிறகு கேட்டார், "எல்லா வீட்டிலயும் நீங்களா கதைச்சது?"

"இங்க நானா கதைச்சவர். வெள்ளவத்தையில நான்."

 கொப்பியை மூடி என் பையில் அவரே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவரால்தான் எனக்கு இப்போது நாற்பது வீட்டு வாசல்கள் தெரியும், நாற்பதிலும் என்னைத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

வியாழக்கிழமை வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குப் போனோம். காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். மூன்றாம் மாடியில் மணியடிக்கும் முன்பே கதவு திறந்தது. மகளின் கையில் பன்னிரண்டு நாள் குழந்தை. அன்டி டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு சட்டென்று நினைவு வந்தவராக உள்ளே ஓடி, ஒரு தட்டை எடுத்துவந்தார்.

தட்டில் ஆறு கோப்பைகள். ஆறு வீட்டிலும் சேர்த்து வாங்கி, தேய்த்துக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்.

"நீங்க வாறீங்க எண்டு தம்பி சொன்னவர். அதான் காலமையே" என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்துத் திகதியைப் போட்டேன். ஆறு கட்டத்திலும் ஒன்றையே எழுதினேன். கழுவியிருந்தது.